இடுப்புக் கயிறும் கறுப்புப் பொட்டும்

என் இடுப்பில் கயிறு கட்டிய நாளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதை வெட்டிய நாளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்கிறார்கள், தேயிலைக் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது கேட்கிறார்கள். "பாக்கியம்க்கா, சாவு வாசல் வரைக்கும் போயிட்டு வந்தீங்களாமே, எப்படி இருந்துச்சு?" என்று, ஏதோ நான் கதிர்காமம் போய்விட்டு வந்த மாதிரி. வாயால் சொன்னால் ஆளுக்கு ஒன்றைக் கூட்டிச் சேர்த்துவிடுகிறார்கள். மேல் லயத்து வீடுகளில் நான் செத்து, சவப்பெட்டிக்குச் சொல்லி அனுப்பிய பிறகு எழுந்து உட்கார்ந்ததாகக் கதை நடக்கிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவள்தான் நான். எழுத்து கோணலாக இருந்தாலும் விஷயம் நேராக இருக்கும்.

தலவாக்கலைக்கும் கொட்டகலைக்கும் நடுவில் எங்கள் தோட்டம். நான் கொழுந்து எடுக்கிறவள். வீட்டுக்காரர் முத்தையா தேயிலை பெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலர் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், கௌசல்யா. கொட்டகலை பஜாரில் ரேடியோ, போன் எல்லாம் திருத்தும் ஜூட் என்கிற பையனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். அவர்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். நான் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன், பிறகு இறக்கிவிட்டேன். மருமகன் தங்கமான பிள்ளை.

கௌசிக்கு இரண்டு தடவை பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது தடவை அவள் அழவே இல்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அதைப் பார்த்த வயிறு என்னுடையது. மூன்றாவதாக உண்டானதும் நான் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். மஞ்சள் துணியில் ஒரு காசை வைத்து, குங்குமமும் விபூதியும் போட்டு முடிந்து, கறுப்புக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். "பிள்ளை அழுகிற சத்தம் என் காதில் விழுகிற வரைக்கும் இந்த முடிச்சை அவிழ்க்க மாட்டேன் தாயே" என்று சொல்லித்தான் கட்டினேன். சாமியிடம் பேசும்போது வார்த்தையை அளந்து பேச வேண்டும் என்பார்கள். நான் அளக்கவில்லை.

கௌசி சிரித்தாள். "கயிறு கட்டினா பிள்ளை நிக்குமாம்மா? அதுக்குத்தானே கிளினிக்ல போலிக் அசிட் குடுக்கிறாங்க."

"நீ மாத்திரையப் போடு. நான் கயிறக் கட்டுறேன். ரெண்டுல ஒண்ணு வேல செஞ்சா சரி" என்றேன்.

மாதங்கள் போயின. பிள்ளை நின்றது. கயிறும் நின்றது. குளிக்கும்போதும் அவிழ்க்கவில்லை. மலைக்குப் போகிறபோது அதற்கு மேல் படங்கை இறுக்கிக் கட்டுவேன். ஈரச் செடி நனைக்காமல் இருக்க இடுப்பில் சுற்றுகிற தடித்த விரிப்புதான் படங்கு. படங்கு இறுக்க, முடிச்சு அந்த இடத்திலேயே பதிந்து கிடந்தது. எனக்கு அது உறுத்தாமல் இருந்தால்தான் பயமாக இருக்கும்.

இப்போதெல்லாம் முன்போலப் புல்வெட்ட ஆள் போடுவதில்லை. எங்கள் பிரிவின் கடைசி மலையில் தேயிலைக்குள் மானாப்புல் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. அட்டை கடிக்கும், தெரியும். பன்றி வரும், அதுவும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் அந்தப் புல்லில் இருக்கிறது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

முதலில் தலையிடி. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலால் அழுத்துவது மாதிரி. அடுத்த நாள் காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்தார்கள். போட்டால் வேர்க்கும், இறங்கும், அந்தியானால் நடுக்கத்தோடு திரும்ப ஏறும். முத்தையா பூசாரியிடம் போய் விபூதி மந்திரித்து வந்து நெற்றியில் பூசினார். பெக்டரியில் ரோதமுனிக்கு ஒரு தேங்காயும் உடைத்துவிட்டு வந்தார். ரோதைச் சக்கரத்துக்குக் காவலான சாமி அது. மெசின்காரர்களுக்கு அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

"ரோதமுனி மெசினத்தானே பாக்கும், என்னையும் பாக்குமா?" என்று கேட்டேன்.

"நீயும் ஓயாமச் சத்தம் போடுற மெசின்தானே" என்றார். அன்றைக்கு அதற்குச் சிரித்தேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் சிரிக்கவில்லை.

காய்ச்சல் விடவில்லை. வாயில் தண்ணீர் வைத்தாலும் வாந்தி. பீலிக்குப் போகிற படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு மேரி பார்த்துவிட்டு, "அண்ணே, இது பனடோலுக்கு அடங்கிற காய்ச்சலில்ல" என்று கத்தினாள். ஆட்டோ பிடித்து டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வளைவுக்கு வளைவு ஆட்டோ சாய, முத்தையா என் தலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். கல்யாணத்தன்றுகூட அந்த மனுசன் என்னை அப்படிப் பிடித்ததில்லை.

வெளிநோயாளர் பகுதியில் பெஞ்சு நிறைய ஆட்கள். எனக்கு இடமில்லாமல் தரையில் சாய்ந்து கிடந்தேன். தலைக்கு மேலே ஆட்கள் நடக்கிறார்கள், நம்பர் கூப்பிடுகிறார்கள், எங்கோ ஒரு பிள்ளை வீறிடுகிறது. அந்த அழுகை காதில் விழுந்ததும் கையைக் கொண்டுபோய் முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். இது நம் பிள்ளையின் அழுகை இல்லை, இன்னும் நேரம் வரவில்லை, விட்டுவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வார்டில் போட்டதும் ரத்தம் எடுத்தார்கள். முதல் சந்தேகம் டெங்கு. அதற்கு பிளேட்லெட் என்று ஒன்றைப் பார்க்கிறார்கள். ரத்தம் உறைய உதவுகிற சின்னச் சின்னத் துணுக்குகள் அவை. டெங்கு வந்தால் அது மளமளவென்று இறங்குமாம். எனக்கும் இறங்கியிருந்தது, ஆனால் டெங்குச் சோதனையில் இல்லை என்று வந்தது. அடுத்து எலிக்காய்ச்சல் என்று நினைத்து ஊசி மருந்து ஏற்றினார்கள். அது எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இருந்து வருவது. மருந்து ஏறியது, காய்ச்சல் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு மிகவும் பயமாக இருந்தது எது தெரியுமா? ஊசி இல்லை. டாக்டர்மார் என் கட்டிலடியில் நின்று மெதுவாகப் பேசுவதுதான். எனக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். ஆனால் அவர்கள் நடுவில் இங்கிலீசுக்கு மாறிவிடுவார்கள். சிங்களத்தில் பேசுகிற வரைக்கும் உயிர் இருக்கிறது, இங்கிலீசுக்கு மாறினால் ஆபத்து என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்கள அம்மா. என் வயதுதான் இருக்கும், அவருக்கும் காய்ச்சலும் மூச்சடைப்பும். மகன் பன்சலையில், அவர்களுடைய புத்தர் கோயிலில், ஓதிய நூலைக் கொண்டுவந்து அவர் கையில் கட்டினான், ஓதிய தண்ணீர் ஒரு போத்தலும் வைத்தான். அந்தம்மா மகனைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். அவன் ஒரு மூடித் தண்ணீரை என் வாயிலும் ஊற்றினான். எந்தச் சாமியுடையது என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. விழுங்கினேன். அது உள்ளே நின்றது, வாந்தி வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் முடியவில்லை, உட்கார்ந்தால் முடியவில்லை. விரலில் ஒரு கவ்வியை மாட்டினார்கள். ரத்தத்தில் எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதை அது காட்டும். அதைப் பார்த்த நர்ஸ் நடந்து வந்தவர் ஓடிப் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். நல்ல நெஞ்சு படத்தில் கறுப்பாகத் தெரியுமாம். என்னுடையது வெள்ளையாக, பனி இறங்கிய மலை மாதிரி இருந்தது. ஈரலிலும் கோளாறு. என்னை விசேஷக் கவனிப்பு வார்டுக்கு மாற்றி மூக்கிலும் வாயிலும் ஒக்சிஜன் போட்டார்கள். சிங்கள அம்மாவையும் அங்கேயே கொண்டுவந்தார்கள்.

ஒக்சிஜன் இரைச்சல் பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற காற்றாடிச் சத்தம் போலவே இருந்தது. எனக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. சக்கரம் சுற்றுகிறது, அதற்குள் என் கயிறு மாட்டிக்கொண்டு இழுக்கிறது, நான் "மெசின நிப்பாட்டுங்க" என்று கத்துகிறேன். கண்ணைத் திறந்தால் வெள்ளைக் கூரை. யாரும் என் சத்தத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரு காலையில் கண் விழித்தபோது சிங்கள அம்மாவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. மறுபடி விழித்தபோது திரை இல்லை, அந்தம்மாவும் இல்லை. கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் போத்தல் மட்டும் மேசையில் பாதியாக நின்றது. அவருக்கு ஓதியவர்கள் குறைவாகவா ஓதினார்கள்? அந்த மகனுடைய நம்பிக்கை என்னுடையதைவிடக் குறைச்சலா? பிரார்த்தனை நோயைக் குணமாக்கும் என்று எழுந்து நின்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு அந்தப் பாதிப் போத்தல்தான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு எனக்கு வந்த பயத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை. அடுத்தது நான்தான் என்று தெரிந்துபோன பயம்.

அன்றைக்குத்தான் பெரிய டாக்டரம்மா வந்தார். இளம் வயது, அரைகுறைத் தமிழ், ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசுவார். எந்த மலையில் வேலை, புல் இருக்கிறதா, காடு பக்கமா என்று முத்தையாவிடம் கேட்டார். பிறகு என் உடம்பை ஒரு அங்குலம் விடாமல் பார்க்கத் தொடங்கினார். அக்குள், காதின் பின்பக்கம், கால் விரல் இடுக்கு எல்லாம். எனக்கு வெட்கப்படக்கூடச் சக்தி இல்லை. ஆனால் அவர் கை இடுப்புக் கயிற்றுக்கு வந்ததும் எங்கிருந்தோ சக்தி வந்தது. இரண்டு கையாலும் முடிச்சைப் பொத்திக்கொண்டேன்.

"அம்மா, இந்த நூல் கொஞ்சம் எடுக்கணும். கீழே பாக்கணும்."

"உசிர எடுத்துக்கிட்டாலும் சரி, இத எடுக்க விட மாட்டேன்" என்றேன். முகமூடிக்குள் அது என்ன சத்தமாக வெளியே வந்ததோ.

கூட நின்ற நர்ஸின் மணிக்கட்டில் ஒரு வெள்ளை ஓதிய நூல் இருந்தது. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "பாரயக் டொக்டர்" என்றார். நேர்த்திக்கடன் என்று அர்த்தம். என் நெற்றியைத் தடவி, "பய வென்ட எபா அம்மே" என்றார். பயப்படாதே என்றால் பயப்படாமல் இருக்க முடிகிறதா?

டாக்டரம்மா முத்தையாவைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னதை அவர் பிறகு எனக்குச் சொன்னார். புல்லில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சி கடித்தால் தைபஸ் என்று ஒரு காய்ச்சல் வரும். உண்ணிக்காய்ச்சல் என்றும் சொல்வார்கள். ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கலாம், பதில் வர நாள் ஆகும், என்னிடம் அவ்வளவு நாள் இல்லை. இன்னும் இரண்டு மூன்று நோய்களும் இதே மாதிரி இருப்பதால் குழப்பம். ஆனால் அந்தப் பூச்சி கடித்த இடத்தில் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, அரிக்காது. அது கிடைத்தால் சந்தேகமே இல்லை. உடுப்பு இறுக்கிப் பிடிக்கிற இடத்தில்தான் அந்தப் பூச்சி கடிக்கும். பார்க்காமல் மிச்சமிருப்பது அந்த ஒரு இடம்.

முத்தையா வந்து கட்டிலருகில் நின்றார். கையைக் கயிற்றுக்குக் கொண்டுபோனார், திரும்ப எடுத்துக்கொண்டார். ரோலரில் விரல் மாட்டி நசுங்கியபோதுகூடப் பின்வாங்காத கை அது. "என்னால முடியல புள்ள. ஒங்கிட்ட இல்ல, அந்தப் பிள்ளகிட்டப் பயமா இருக்கு" என்றார். அவருக்கும் அதே பயம்தான். அவிழ்த்தால் நான் பிழைப்பேன், கௌசியின் வயிற்றில் இருப்பது போய்விடும். மூன்றாவதும் போனால் என் மகள் சுவரைப் பார்த்துப் படுக்க மாட்டாள், வேறு ஏதாவது செய்துகொள்வாள். இதுதான் எங்கள் இரண்டு பேர் மனதிலும் ஓடியது. படித்தவர்கள் சிரிக்கலாம். மூச்சு முட்டிக் கிடக்கிறபோது சிரிப்பு வராது.

அதுவரைக்கும் அவர் கௌசியிடம், "அம்மாவுக்குச் சளிக்காய்ச்சல், நீ வராத" என்று போனில் பொய் சொல்லி வைத்திருந்தார். அன்றைக்கு வெளியே போய் உண்மையைச் சொல்லிவிட்டார்.

அவள் எப்படி வந்தாள் என்று ஜூட் பிறகு சொன்னார். கொட்டகலையில் நெரிசலான பஸ்சில் எட்டு மாத வயிற்றோடு ஏறியிருக்கிறாள். வாசலில் காவலாளி, கர்ப்பிணிகள் அந்த வார்டுக்குப் போகக்கூடாது என்று மறித்திருக்கிறார். "உள்ள கெடக்கிறது என்னப் பெத்தவ. நகருங்க அண்ணே" என்று தள்ளிக்கொண்டு வந்துவிட்டாளாம். வாய் யாருடைய வாய்!

எனக்கு நினைவு இருந்தும் இல்லாமலும் இருந்தது. கட்டிலோரத்தில் அவளுடைய வயிறு தெரிந்தது, பிறகு முகம். வாயில் நீல முகமூடி.

"அம்மா, கயிற எடுக்கப் போறேன்."

"வேணான்டி ஆத்தா... பிள்ள..."

"எனக்காகத்தானே கட்டின? நானே எடுக்கிறேன். யாரு கேக்கிறது?"

"பிள்ளைக்கு ஏதாச்சும்..."

"பிள்ளைக்கு நான் இருக்கேன். எனக்கு யாரும்மா இருக்கா?"

 என் கைகளை அவள் ஒவ்வொரு விரலாக விலக்கினாள். நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தார். வெட்டுவதற்கு முன் தன் கையிலிருந்த நூலை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பிறகு மனம் வராமல் கத்தரிக்கோலைக் கௌசியிடமே நீட்டினார். 'நறுக்' என்று ஒரு சத்தம். யாரோ எதையோ மஞ்சள் வாளிக்குள் போட்டார்கள். ஊசியும் பஞ்சும் போடுகிற வாளி அது. என் காசு, என் மஞ்சள் துணி, என் வார்த்தை எல்லாம் அந்தக் குப்பைக்குள் போய்விட்டது என்றே எனக்குப் பட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மா அந்த இடத்தின்மேல் குனிந்தார். ஈரப் பஞ்சால் துடைத்தார். பிறகு பெருமூச்சு விட்டார். முடிச்சு அழுந்திக் கிடந்த இடத்தில், சிகரெட் சுட்ட தழும்பு மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. சுற்றிலும் சிவப்பு வளையம். அவ்வளவுதான். மலையை விட்டு என்னைக் கட்டிலுக்கும், கட்டிலை விட்டுப் பாடைக்கும் தள்ளப் பார்த்தது அந்த மிளகளவுப் பொட்டு. மாதக்கணக்காக நான் காப்பு என்று பொத்தி வைத்திருந்த இடத்தில்தான் அது உட்கார்ந்திருந்தது. அன்றைக்கும் மறுநாளும் அதைப் பார்க்க வெள்ளைக் கோட்டுகள் வரிசையாக வந்தன. தேர் பார்க்க வருகிற கூட்டம்தான்.

அன்றைக்கே மருந்து தொடங்கியது. டொக்சிசைக்ளின் என்று ஒரு காப்ஸ்யூல். பெரிய ஊசி, பெரிய மெசின் எல்லாம் தோற்ற இடத்தில் சாதாரணக் குளிசை. நர்ஸ் தலையைத் தூக்கிப் பிடித்து விழுங்க வைத்தார். மறுநாள் அந்தியில் நடுக்கம் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் எனக்குப் பசித்தது. மேரி கஞ்சி காய்ச்சி அனுப்பியிருந்தாள், தேங்காய்ச் சம்பலோடு. மூக்கில் குழாயோடு அதைத் தின்றேன். முத்தையா என் தலையைச் சீவுகிறேன் என்று சிக்கெடுக்கத் தெரியாமல் பாதி முடியைப் பிடுங்கிவிட்டார். நானும் பிடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் பயம் தீர்ந்தது என்றார்கள். எனக்கு அப்போதுதான் பயம் தொடங்கியது.

உயிர் திரும்பி வந்துவிட்டது. எதைக் கொடுத்து வாங்கினேன்? வீட்டுக்கு வந்து நடக்கப் பழகினேன். இடுப்பில் கயிறு இருந்த இடத்தில் வெளுத்த கோடு மட்டும் இருந்தது. கை அடிக்கடி அங்கே போகும், ஒன்றும் இருக்காது. போன் அடித்தால் உடனே எடுக்க மாட்டேன். கௌசி சும்மாதான் கூப்பிடுவாள், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பாள். முடிச்சைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் என் பயம் அவளுக்குத் தொற்றிவிடும், வயிற்றில் இருப்பதற்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். மாரியம்மன் கோயில் வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிப் போனேன்.

"இன்னொரு காசு முடிஞ்சு கட்டிட்டாப் போச்சு" என்றார் முத்தையா.

"சாமி என்ன கடைக்காரனா, பழசக் குடுத்துப் புதுசு வாங்க?" என்று எரிந்து விழுந்தேன். பாவம் மனுசன், பெக்டரிக்குப் போய் ரோதமுனியிடம்தான் சொல்லியிருப்பார்.

வலி எடுத்த செய்தி வந்தபோது மழை. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர, பிள்ளை பிறந்தாயிற்று, பெண் பிள்ளை என்று ஜூட் வாசலிலேயே சொன்னார். அவர் கையில் செபமாலை சுற்றியிருந்தது. "நல்லா இருக்கா? அழுதுச்சா?" என்று கேட்டேன். "அழுதுச்சுன்னு சொன்னாங்க அத்தை" என்றார். சொன்னது வேறு, என் காதில் விழுவது வேறு. பார்க்க விடுகிற நேரம் வரைக்கும் பெஞ்சில் கிடந்தேன். முதல் தடவை என்னைக் கொண்டுவந்தபோது தரையில் கிடந்தேனே, அதைவிட மோசமாக இருந்தது.

உள்ளே போனால் கௌசி வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச் சுருளுக்குள் அது. கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல். 

"ஏன்டி இது சும்மா கெடக்கு?"

"தூங்குதும்மா."

"மூச்சு வருதா பாரு."

கௌசி என்னையே பார்த்தாள். பிறகு தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு பொலித்தீன் பையை எடுத்து என் கையில் வைத்தாள். உள்ளே மஞ்சள் துணி. முடிச்சுப் போட்டபடியே.

"கயிறத்தாம்மா வெட்டினேன். முடிச்ச அவுக்கல. டெட்டோல்ல கழுவி வச்சிருந்தேன். லேபர் ரூமுக்கும் கொண்டு போனேன், நர்ஸ் ஏசினாங்க." பையை என் விரல்களுக்குள் மடக்கி வைத்தாள். "ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

நான் கட்டிலோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். கயிறு கட்டினால் பிள்ளை நிற்குமா என்று கேட்டவள் அவள். இத்தனை வாரமும் நான் தனியாகப் பயந்துகொண்டு கிடந்தேன், அவள் அதைக் கைப்பையில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

பிரார்த்தனை குணமாக்குமா என்று கேட்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் காய்ச்சலை இறக்கியது குளிசை. அந்தக் குளிசையை மறைத்தது என் முடிச்சு. அந்தச் சிங்கள அம்மாவை எந்த நூலும் காக்கவில்லை. ஆனால் அவர் கொடுத்த ஒரு மூடித் தண்ணீர்தான் அன்றைக்கு என் தொண்டையில் நின்றது. இதையெல்லாம் கூட்டி ஒரு விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. எங்கள் பெண்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன். கும்பிடுங்கள், கட்டுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் டாக்டரம்மாவிடம் கயிற்றைத் தூக்கிக் காட்டுங்கள். அவள் கோவிக்க மாட்டாள், அவளும் பொம்பளைதான்.

"இப்ப முடிச்ச அவுத்துரும்மா" என்றாள் கௌசி.

"எப்படி அவுக்கிறது? இன்னும் அழலையே."

மகள் என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். துணியை விலக்கி அந்தக் குட்டிக் காலை வெளியே எடுத்தாள். உள்ளங்காலில் விரலால் மெல்லச் சுண்டினாள். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை சுண்டினாள். முகம் சுருங்கியது, சிவந்தது, வாய் திறந்தது. அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி என் பேத்தி வீறிட்டாள். வாய் யாருடைய வாய்!

முடிச்சு காய்ந்து இறுகிக் கிடந்தது, நகத்துக்கு அசையவில்லை. பிரசவ வார்டு நர்ஸ் ஒருவர் கத்தரிக்கோலை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பல்லால் கடித்து இழுத்தேன். மஞ்சளும் டெட்டோலும் சேர்ந்து வாயெல்லாம் கசந்தது. பிள்ளை அழுதுகொண்டே இருந்தது, முடிச்சு அவிழ்ந்தது.